கடலோரமா தாழப் போற குட்டி விமானம்: பெரிய ஏர்போர்ட் பக்கத்துல விஷுவல் ரூட் எப்படி வேலை செய்யுது

தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வடக்க கடலோரமா இருக்கற உம்லாங்கா லைட்ஹவுஸ் பக்கத்துல சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்னு பாத்தா சில நாள் ரெண்டு விமானம் ஒரே நேரத்துல கண்ணுல படும். ஒண்ணு மேற்கால, மவுண்ட் எட்ஜ்கூம் பக்கம், சக்கரத்தை இறக்கிட்டு டர்பனோட பெரிய ஏர்போர்ட்டான கிங் ஷாகாவுக்கு இறங்கிட்டிருக்கற ஜெட். இன்னொண்ணு நேர் எதிர்ல அலைக்கு மேல, ஒத்தை இன்ஜின் குட்டி விமானம், டர்பன்லயே இருக்கற வர்ஜீனியாங்கற சின்ன ஏர்போர்ட்லேருந்து கிளம்பி கடலோரமாவே வடக்க போயிட்டிருக்கும். ரெண்டும் ஒரே திசையில, ஒண்ணு இருநூறு பேரோட, இன்னொண்ணு ரெண்டு பேரோட.

2025 ஜனவரியில வாஷிங்டன்ல ஹெலிகாப்டரும் ஜெட்டும் மோதி 67 பேர் செத்ததுக்கு அப்புறம் டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இவ்வளவு பெரிய ஏர்போர்ட் பக்கத்துல குட்டி விமானத்தை எதுக்கு விடறாங்க, யாரு விடறாங்க, மோதாம இருக்கறதுக்கு என்ன உத்தரவாதம்? நியாயமான கேள்வி. பதில் தெரியணும்னா அடிப்படையிலேருந்து வரணும், ஏன்னா "விஷுவல்"ங்கற வார்த்தையே பாதி பேருக்கு தப்பாப் புரிஞ்சிருக்கு.

பறக்கறதுல ரெண்டு வகை

வானத்துல யாரு பறந்தாலும் ரெண்டு விதிமுறையில ஒண்ணுக்குள்ள வந்தாகணும்.

1. ஐ.எஃப்.ஆர்: கருவியைப் பாத்துப் பறக்கறது. மேகத்துக்குள்ள போனாலும் ராத்திரி ஒண்ணுமே தெரியலன்னாலும் பிரச்சினை இல்ல, எந்தப் பாதை, எந்த உயரம்னு முன்கூட்டியே வகுத்து வச்சிருப்பாங்க, மத்த ஐ.எஃப்.ஆர் விமானங்கள்லேருந்து தூரம் விட்டு வைக்கறது கன்ட்ரோலரோட பொறுப்பு. ஏர்லைன் எல்லாம் இதுலதான் ஓடுது.

2. வி.எஃப்.ஆர்: வெளிய பாத்துப் பறக்கறது. தரை தெரியணும், மேகத்துலேருந்து தள்ளி இருக்கணும், எதுக்க வர்றவனை கண்ணால பாத்து ஒதுங்கணும். உலகம் முழுக்க பொதுவான கணக்கு, 10,000 அடிக்குக் கீழ குறைஞ்சது 5 கிலோமீட்டர் தூரம் தெரியணும், மேகத்துலேருந்து பக்கவாட்டுல 1,500 மீட்டர், மேல கீழ 1,000 அடி விலகி இருக்கணும். ரொம்பத் தாழ, கன்ட்ரோல் இல்லாத இடத்துல மட்டும் இது கொஞ்சம் தளரும்.

வி.எஃப்.ஆர்னா "விதி இல்லாம இஷ்டத்துக்குப் பறக்கறது"ன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது சுத்தத் தப்பு. விதி இருக்கு, ஆனா அந்த விதியை காப்பாத்தற கருவி பைலட்டோட கண்ணு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வாஷிங்டன் கதைக்கு இதுதான் சாவி.

கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸ்: தலைகீழா கவுத்த கோபுரம்

கோயில் கோபுரத்தை மனசுல நினைச்சுக்கங்க, அடியில அகலம், மேல போகப் போக குறுகும். அதை அப்படியே தலைகீழா கவுத்து ஏர்போர்ட் மேல நிறுத்துங்க. அடியில சின்ன வட்டம், அது தரையிலேருந்தே ஆரம்பிக்கும், அதுக்குப் பேரு கன்ட்ரோல் ஸோன். மேல மேல அகலமான அடுக்குகள், அதுக்கு டெர்மினல் ஏரியான்னு பேரு, அது தரையைத் தொடாது, ஒரு உயரத்துலேருந்துதான் ஆரம்பிக்கும். ஜெட் தூரத்துல உயரமா இருக்கும், கிட்ட வர வர தாழும், அதனாலதான் இந்த வடிவம். தூரத்துல கீழ இருக்கற காலி இடத்தை குட்டி விமானத்துக்கு விட்டுட்டு, கிட்ட வந்ததும் தரை வரைக்கும் மூடிடறாங்க.

உலகத்துல ஏர்ஸ்பேஸை ஏ-யிலேருந்து ஜி வரைக்கும் ஏழு வகுப்பா பிரிச்சிருக்காங்க. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், மூணு போதும். ஏ வகுப்புல வி.எஃப்.ஆருக்கு இடமே கிடையாது. ஜி வகுப்புல கன்ட்ரோலே கிடையாது, அவனவன் பாத்துப் போகணும். நடுவுல சி வகுப்பு, அங்க வி.எஃப்.ஆர் வரலாம், ஆனா அனுமதி வாங்கிட்டுத்தான் வரணும், உள்ள வந்தா அவனையும் ஜெட்டையும் பிரிச்சு வைக்கறது கன்ட்ரோலரோட வேலை. ஆனா ரெண்டு குட்டி விமானத்தை பிரிச்சு வைக்கறது அவரு வேலை இல்ல, "எதுக்க ஒருத்தன் வர்றான் பாத்துக்க"ன்னு தகவல் மட்டும் குடுப்பாரு.

நம்ம நாட்டுல விதி போடறது எஸ்.ஏ.சி.ஏ.ஏ, வானத்துல போக்குவரத்தை நடத்தறது ஏ.டி.என்.எஸ், கிங் ஷாகா மாதிரி பெரிய ஏர்போர்ட்டை வச்சிருக்கறது ஏக்ஸா. மூணும் வேற வேற. செய்தியில மூணையும் கலந்து எழுதறதாலயே பாதி குழப்பம் வருது.

அப்ப தனி ரூட் எதுக்கு?

கரும்புத் தோட்டத்துக்குள்ள லாரி போற ரோடு தனியா இருக்கும், ஆளுங்க நடக்கற வரப்பு தனியா இருக்கும். லாரிக்காரனுக்கு எந்த எடத்துல ஆள் குறுக்க வருவான்னு தெரியும், ஆளுக்கும் எந்த எடத்துல லாரி வரும்னு தெரியும். வரப்பே இல்லன்னா ஆளு தோட்டம் முழுக்க எங்க வேணா முளைப்பான். விஷுவல் ரூட் அந்த வரப்புதான்.

ரூட் இல்லன்னாலும் பைலட் அனுமதி கேக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் "எங்கேருந்து வர, எந்தப் பக்கமா போவ, எவ்வளவு உயரம்"னு ஆரம்பத்துலேருந்து பேசணும். ஜெட் மேல ஜெட் வரிசையா வர்ற நேரத்துல கன்ட்ரோலருக்கு அந்தப் பேச்சுக்கு நேரம் கிடையாது, "உள்ள வராத"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பாரு. அப்ப குட்டி விமானம் சுத்திப் போகணும், டர்பன் மாதிரி ஊர்ல சுத்திப் போறதுன்னா ஒண்ணு மேற்கால மேட்டுப் பக்கம், இல்ல கிழக்கால நடுக்கடல் பக்கம். ஒத்தை இன்ஜின் நின்னா எங்க இறங்குவான்? விஷுவல் ரூட் பைலட்டோட வசதிக்கு மட்டும் போடறதில்ல, அவனை மோசமான இடத்துக்குத் தள்ளாம இருக்கறதுக்கும் சேத்துதான்.

நம்மளே ஒரு ரூட் வரைஞ்சு பாப்போம்

இது பாடத்துக்காக வரையற ரூட். நிஜமாப் பறக்கப் போறவங்க அன்னைக்கு நடப்புல இருக்கற சார்ட்டைத்தான் பாக்கணும். வர்ஜீனியாவுலேருந்து வடக்க இருக்கற பாலிட்டோ ஊர் வரைக்கும், நடுவுல கிங் ஷாகா. இந்த இடத்தோட நிலவரத்தைப் பாத்தாலே விஷயம் பாதி புரிஞ்சிடும்.

கிங் ஷாகா 2010 மே 1-ஆம் தேதி லா மெர்சியில திறந்தது, நகரத்துக்கு வடக்க ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒரே ரன்வே, 3,700 மீட்டர் நீளம், பேரு 06/24. ரன்வே நம்பரை பத்தால பெருக்கினா திசை, அதாவது 60 டிகிரி. ஆனா மேப்பை எடுத்து ஸ்கேல் வச்சு அளந்தா 35 டிகிரி பக்கம்தான் வரும்! மேப் தப்பு இல்ல, ரன்வே நம்பரும் தப்பு இல்ல. நம்ம கடற்கரையில காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டாது, சுமார் 25 டிகிரி மேற்கால விலகி நிக்கும். உலகத்துல நிறைய ஊர்ல இந்த விலகல் ரெண்டு மூணு டிகிரிதான், இங்க இருபத்தஞ்சு, அதை மறந்து மேப்ல அளந்த திசையை அப்படியே காம்பஸ்ல பிடிச்சுப் போனா பத்து நிமிஷத்துல எங்கயோ இருப்போம். கண்ணால பாத்துப் பறக்கறவனுக்கு கரையோரம்ங்கற ஒரு கோடு எவ்வளவு பெரிய துணைன்னு இதுலேருந்தே தெரியும், காம்பஸ் என்ன சொன்னாலும் கரை பொய் சொல்லாது.

அந்த 35 டிகிரிதான் நம்ம கரையோட சாய்வும். அதாவது ரன்வேயும் கடற்கரையும் கிட்டத்தட்ட இணையாப் போகுது, நடுவுல மூணு நாலு கிலோமீட்டர் இடைவெளி. ஜெட்டோட பாதை கரைக்கு உள்ள, தெற்கேருந்து வந்தா மவுண்ட் எட்ஜ்கூம் பக்கமா, வடக்கேருந்து வந்தா பாலிட்டோவுக்கு உள்பக்கமா. குட்டி விமானத்தோட பாதை கரைக்கு வெளிய. ரெண்டு பாதையும் குறுக்க வெட்டிக்கறதில்ல, பக்கம் பக்கமாப் போகுது. ரூட் போடறவனுக்கு இதை விட நல்ல நிலவரம் கிடைக்கறது கஷ்டம்.

இப்ப உயரத்தைப் பாப்போம். ஜெட் 3 டிகிரி சரிவுல இறங்கும். ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1,852 மீட்டருக்கு ஏறக்குறைய 320 அடி இறங்கும். அப்ப,

1. ரன்வேக்கு 5 நாட்டிகல் மைல் முன்னாடி ஜெட் ரன்வே மட்டத்துலேருந்து சுமார் 1,600 அடி உயரத்துல இருக்கும்.
2. 3 நாட்டிகல் மைல்ல சுமார் 950 அடி.
3. 1 நாட்டிகல் மைல்ல 320 அடி பக்கம்.

கடலோரமா 500 அடியில போற விமானம் முதல் ரெண்டு இடத்துல ஜெட்டுக்கு நல்லா கீழ இருக்கு. ரன்வேக்குப் பக்கத்துல வரும்போது ஜெட்டும் அதே உயரத்துக்கு வந்துடும், ஆனா அங்க பக்கவாட்டுல மூணு கிலோமீட்டர் இருக்கு. ஒரு இடத்துல உயரம் காப்பாத்துது, இன்னொரு இடத்துல தூரம் காப்பாத்துது, ரெண்டுமே இல்லாத இடம்னு ஒண்ணு இருக்கவே கூடாது. நல்ல ரூட்னா அதுதான்.

இதோட முடியல. இன்னும் பாக்கவேண்டியது:

4. ஜெட் இறங்க முடியாம திரும்ப மேல ஏறினா எந்தப் பக்கம் திரும்பும்? கடல் பக்கம் திரும்பற பாதை இருந்தா நம்ம ரூட் அதுக்கு அடியில வரும், அந்த நேரம் கன்ட்ரோலர் குட்டி விமானத்தை முன்னாடியே நிறுத்தி வைக்கணும்.

5. பெரிய விமானத்தோட இறக்கை நுனியிலேருந்து காத்துச் சுழல் கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, மெதுவா கீழ இறங்கிக்கிட்டே காத்தோட நகரும். 136 டன்னுக்கு மேல எடை இருக்கற ஜெட்டுக்குப் பின்னாடி குட்டி விமானம் இறங்கறதுன்னா 6 நாட்டிகல் மைல் விடணும்னு கணக்கு வச்சிருக்காங்க, துபாய் போற 777 அந்த வகை. ஜெட்டுக்கு நேர் கீழ ரூட் போட்டா உயரக் கணக்கு சரியா வந்தாலும் இந்தச் சுழல் கவுத்துடும். நம்ம ஊர்ல மேற்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு அந்தச் சுழல் கடல் பக்கமா நகரும்ங்கறதையும் நினைச்சுப் பாக்கணும்.

6. அடையாளம். ரூட் சார்ட்ல கோடா இருக்கும், பைலட்டுக்கு தூரத்துலேருந்தே பளிச்சுன்னு தெரியற மாதிரி தரையில ஒரு பொருள் வேணும். உம்கெனி ஆத்து முகத்துவாரம், சிவப்பு வெள்ளை லைட்ஹவுஸ், தெற்க மோசஸ் மபீடா ஸ்டேடியத்தோட 106 மீட்டர் வளைவு, இதெல்லாம் சொக்கத் தங்கம். "அந்த மாலுக்குப் பக்கத்துல இருக்கற ரவுண்டானா"ங்கறது உதவாது.

7. கீழ இருக்கற ஜனம். ஊருக்கு மேல, கூட்டத்துக்கு மேல 1,000 அடி, மத்த இடத்துல 500 அடிங்கறது உலகப் பொது விதி. பீச்ல கூட்டம் இருந்தா அதுக்கு மேல 500 அடியில போக முடியாது, அதனாலதான் அவங்க அலைக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போறாங்க.

ரேடியோவுல நடக்கறது

ரூட் சார்ட்ல இருக்குங்கறதுக்காக நேரா நுழைய முடியாது, அனுமதி தேவைப்படற ஏர்ஸ்பேஸுக்குள்ள ரூட் போகுதுன்னா வாயால அனுமதி கேட்டு வாங்கணும். நிறைய தப்பு நடக்கற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

பைலட் கூப்பிடறான்: "டவர், செஸ்னா 172, ரெண்டு பேர், இப்ப லைட்ஹவுஸுக்குத் தெற்க, உயரம் 500 அடி, கரையோரமா வடக்க பாலிட்டோ வரைக்கும் போகணும்."

டவர்: "ஸ்டாண்ட்பை."

இங்கதான் புது பைலட் சறுக்குவான். டவர் பதில் சொல்லிட்டாரு, நம்மளைப் பத்தி அவருக்குத் தெரியும், அப்ப போகலாம்னு மனசு சொல்லும். ஸ்டாண்ட்பைன்னா "இரு, கூப்பிடறேன்"னு மட்டும்தான் அர்த்தம். எல்லைக்கு வெளியவே வட்டம் போட்டுக்கிட்டு காத்திருக்கணும்.

அப்புறம் டவர்: "கடலோர ரூட் வழியா வடக்க போக அனுமதி, 500 அடிக்கு மேல ஏறக் கூடாது, கியூ.என்.எச் 1015, ஸ்க்வாக் இந்த நம்பர்."

பைலட் ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லணும். ரூட்டு, உயரம், கியூ.என்.எச், நம்பர். சும்மா "ரோஜர்"னு சொன்னா போதாது, "ரோஜர்"னா கேட்டுச்சுன்னு அர்த்தமே தவிர சரியாக் கேட்டுச்சுன்னு அர்த்தம் இல்ல.

ஸ்க்வாக்னா ட்ரான்ஸ்பாண்டர்ல, அதாவது விமானத்துலேருந்து ரேடாருக்கு பதில் அனுப்பற கருவியில, போடற நாலு இலக்க நம்பர், 0-விலேருந்து 7 வரைக்கும் உள்ள இலக்கங்கள்தான், மொத்தம் 4,096 நம்பர் வரும். அதைப் போட்டா ரேடார் திரையில "இந்தப் புள்ளி இன்னாரு, இவ்வளவு உயரம்"னு தெரியும். உயரத்தைச் சொல்லாத ட்ரான்ஸ்பாண்டரால என்ன ஆகும்ங்கறதுக்கு 1986 ஆகஸ்ட் 31-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸ்ல நடந்தது சாட்சி. குட்டி பைப்பர் விமானம் அனுமதி இல்லாம கன்ட்ரோல்டு ஏர்ஸ்பேஸுக்குள்ள வந்துடுச்சு, உயரம் காட்டற வசதி அதுல இல்ல, இறங்கிட்டிருந்த ஏரோமெக்ஸிகோ டி.சி-9 ஜெட் மேல மோதிடுச்சு. தரையில இருந்த 15 பேரையும் சேத்து 82 பேர் போயிட்டாங்க.

கியூ.என்.எச் விஷயம் இன்னும் சூட்சுமம். உயரம் காட்டற கருவி உண்மையில காத்தழுத்தத்தைத்தான் அளக்குது, அன்னைக்கு கடல் மட்டத்துல என்ன அழுத்தம்னு நாம சொன்னாத்தான் அது சரியா உயரம் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தப்பாப் போட்டா ஏறக்குறைய 30 அடி தப்பு. காலையில 1005 இருந்தது, மத்தியானம் 1015 ஆயிடுச்சு, பைலட் மாத்தலன்னு வச்சுக்கங்க, கருவி 500 அடின்னு காட்டும், அவன் இருக்கறது 800 அடியில. கரையோரமாத்தான் போறான், ரூட்ல சரியாத்தான் போறான், விதியை மீறறோம்னே அவனுக்குத் தெரியாது. கியூ.என்.எச்சை திருப்பிச் சொல்லச் சொல்லி டவர் விடாம கேக்கறது இதனாலதான்.

கண்ணோட கணக்கு

"அதான் வெளிய பாக்கறாங்களே, எதுக்க வர்றது தெரியாதா?" இந்தக் கேள்விக்கு கணக்காவே பதில் சொல்லலாம்.

நாட்னா மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் வேகம். குட்டி விமானம் 100 நாட், இறங்கற ஜெட் 160 நாட், நேருக்கு நேர் வந்தா சேந்து 260 நாட். ஒரு செகண்டுக்கு 134 மீட்டர். ஒரு பொருளைப் பாத்து, விமானம்னு புரிஞ்சு, மோதும்னு உணர்ந்து, முடிவெடுத்து, கைய அசைச்சு, விமானம் நகர ஆரம்பிக்கறதுக்கு 12.5 செகண்ட் ஆகும்னு பைலட்டுங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. 12.5 செகண்டுல ரெண்டும் சேந்து கடக்கற தூரம் 1,670 மீட்டர். அந்தத் தூரத்துல எதுக்க வர்ற 737-ஓட உடம்பு, நேரா முன்னாடியிலேருந்து பாத்தா, நிலாவோட அகலத்துல கால் பங்குதான் இருக்கும்.

கை நீட்டி நிலாவை சுண்டு விரலால மறைச்சுப் பாருங்க, அந்த நிலாவுல நாலுல ஒரு பங்கு. கரும்புத் தோட்டமும் வீடுகளும் பின்னணியா இருக்கற கண்ணாடியில அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கணும்.

இன்னும் மோசமான விஷயம், மோதப் போற விமானம் கண்ணாடியில நகரவே நகராது. நகர்ற பொருளைத்தான் நம்ம கண்ணு சட்டுன்னு பிடிக்கும். ரெண்டு பேரும் ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்துல வந்து சேரப் போறாங்கன்னா, ஒருத்தனுக்கு இன்னொருத்தன் கண்ணாடியில ஒரே இடத்துல ஒட்டி வச்ச பூச்சி மாதிரி நிப்பான், கடைசி சில செகண்டுல திடீர்னு பெருசாவான். பைலட் சோம்பேறியா கவனமானவனாங்கற பேச்சுக்கே இங்க இடம் இல்ல, மனுஷக் கண்ணு அமைஞ்சிருக்கற விதம் அப்படி.

வாஷிங்டன்ல ரூட்டே தப்பா இருந்துச்சு

2025 ஜனவரி 29 ராத்திரி, ரீகன் ஏர்போர்ட். பொடோமாக் ஆத்தோரமா ஹெலிகாப்டருக்குன்னு ரூட் 4-ன்னு ஒரு விஷுவல் ரூட், அந்த எடத்துல 200 அடிக்கு மேல போகக் கூடாது. ஜெட் இறங்கிட்டிருந்தது ரன்வே 33-க்கு, அதோட இறங்கு பாதை ஆத்துக்கு மேலதான் வருது. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அளந்து பாத்துச்சு: ஹெலிகாப்டர் தன்னோட உச்சவரம்பான 200 அடியில, கிழக்குக் கரையை ஒட்டி சரியாப் போனாக்கூட, இறங்கற ஜெட்டுக்கும் அதுக்கும் நடுவுல 75 அடிதான்.

எழுபத்தஞ்சு அடி. நம்ம மேல வரைஞ்ச ரூட்டோட இதை வச்சுப் பாருங்க. அங்க பாதைகள் குறுக்க வெட்டுது, வெட்டற எடத்துல உயரமும் இல்ல, பக்கவாட்டுத் தூரமும் இல்ல. அந்த ஓட்டையை அடைச்சது ஒரே ஒரு விஷயம், "ஜெட் தெரியுதா?" "தெரியுது, பாத்து விலகிக்கறேன்"ங்கற பேச்சு. மோதற நேரத்துல ஹெலிகாப்டர் 278 அடியில இருந்துச்சு. "ஜெட்டுக்குப் பின்னாடி போ"ன்னு டவர் சொன்னதுல ஒரு பகுதி, அதே நொடியில ஹெலிகாப்டர்ல மைக் அழுத்தினதால அவங்களுக்குக் கேக்காமப் போயிருக்கலாம்னு வாரியம் சொல்லுச்சு. ஜெட்ல இருக்கற மோதல் எச்சரிக்கைக் கருவி ஏறக்குறைய 20 செகண்டுக்கு முன்னாடி "ட்ராஃபிக்"னு குரல் குடுத்துச்சு, ஆனா 1,000 அடிக்குக் கீழ "ஏறு, இறங்கு"ங்கற கட்டளையை அது குடுக்காது, வேணும்னே அப்படித்தான் அமைச்சிருக்காங்க, தரைக்குப் பக்கத்துல தப்பான கட்டளை வந்தா அதுவே ஆபத்து.

எனக்கு ரொம்ப வலிக்கற எண்ணிக்கை வேற. 2021 அக்டோபர்லேருந்து 2024 டிசம்பர் வரைக்கும் அந்த ஏர்போர்ட் பக்கத்துல பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டுல 1 நாட்டிகல் மைலுக்குள்ள, உயரத்துல 400 அடிக்குள்ள வந்தது 15,214 தடவை. அதுல 85 தடவை பக்கவாட்டுல 1,500 அடிக்குள்ள, உயரத்துல 200 அடிக்குள்ள. தகவல் எல்லாம் பதிவாகி இருந்துச்சு. ரூட்டைத் திரும்ப வரையல. விபத்துக்கு அப்புறம்தான் அந்தத் துண்டை மூடினாங்க.

அதனால "விஷுவல் ரூட்டே ஆபத்து"ன்னு பேசறவங்களோட எனக்கு ஒப்புதல் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட் உலகத்துலயே ரொம்ப பிஸியான இடங்கள்ல ஒண்ணு, அதுக்கு நேர் மேலயே குட்டி விமானம் போற ரூட் இருக்கு: தென்கிழக்க போறவன் 3,500 அடி, வடமேற்க வர்றவன் 4,500 அடி, வேகம் 140 நாட்டுக்கு மேல கூடாது, எல்லாரும் ஒரே ஸ்க்வாக் நம்பர் 1201. கேட்டா பயமா இருக்கும், ஆனா யோசிங்க, ரன்வேக்கு நேர் மேல ஜெட் எங்க இருக்கும்? ஒண்ணு தரையில, இல்ல அப்பத்தான் கிளம்பி தாழ இருக்கும். இறங்கற பாதையில குறுக்க போறதை விட ரன்வே நடுவுல உயரமா குறுக்க போறது நல்லது. சிட்னியில வேற வழி, கடலோரமா 500 அடிக்கு மேல போகாம பாறைச் சரிவை ஒட்டியே ஒரு ரூட், ஜெட் எல்லாம் அதுக்கு மேல. ரெண்டு ஊர்லயும் கண்ணை நம்பி ரூட் போடல, ரூட்டை ஒழுங்காப் போட்டுட்டு அதுக்கு மேல கண்ணையும் வச்சிருக்காங்க.

நியூயார்க் ஹட்ஸன் ஆத்துலயும் 2009 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரு பைப்பரும் சுத்திக் காட்டற ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் போனதுக்கு அப்புறம், குறுக்க கடந்து போறவனுக்கு ஒரு உயரம், அங்கயே சுத்தறவனுக்கு ஒரு உயரம்னு அடுக்கு பிரிச்சாங்க. அதுவும் பாதையைத் திருத்தின வேலைதான்.

நம்ம கடற்கரைக்குன்னு இருக்கற தொல்லை

பாதை நல்லா இருந்தாலும் வானம் ஒத்துழைக்கணும். டர்பன் கரையில காத்து பெரும்பாலும் வடகிழக்கு, இல்ல தென்மேற்கு, ரன்வே அந்த திசையிலயே இருக்கறது தற்செயல் இல்ல. சில நாள் உள்நாட்டு மலைப் பக்கத்துலேருந்து சூடான பெர்க் காத்து இறங்கும், வானம் பளிச்சுன்னு இருக்கும், பறக்கறதுக்கு இதை விட நல்ல நாள் இல்லன்னு தோணும். அதுக்குப் பின்னாடியே கரையோரத் தாழ்வழுத்தம் வந்து சட்டுன்னு தென்மேற்குலேருந்து பஸ்டர்ங்கற பலத்த காத்து அடிக்கும். காத்து திரும்பும், அழுத்தம் ஏறும், கடல்லேருந்து தாழ்ந்த மேகம் உள்ள வரும். மேகத்தோட அடி 1,500 அடிக்குக் கீழ வந்தாலோ 5 கிலோமீட்டர் தெரியலன்னாலோ சாதாரண வி.எஃப்.ஆர்ல கன்ட்ரோல் ஸோனுக்குள்ள நுழைய முடியாது, ஸ்பெஷல் வி.எஃப்.ஆர்னு தனியா அனுமதி கேக்கணும், ஜெட்டுக்கு இடம் விட்டு மீதி இருந்தாத்தான் குடுப்பாங்க. மேல கியூ.என்.எச் கணக்குல 1005-லேருந்து 1015-ன்னு எழுதினது ஞாபகம் இருக்கா, அது நடக்கறது இந்த மாதிரி நாள்லதான்.

அறுவடைக் காலத்துல கரும்பை எரிப்பாங்க. டொங்காட், வெருலம் பக்கம் இருக்கறவங்களுக்கு துணி காயப் போட்ட கொடியில கறுப்பா சாம்பல் வந்து விழறது பழக்கம். 1860-ல நம்ம முன்னோருங்க கப்பல்ல வந்து இறங்கினதே இந்தக் கரும்புக்குத்தான். அதே புகை வி.எஃப்.ஆர் பைலட்டுக்கு அடுத்த அடையாளத்தை மறைச்சிடும், தரையிலேருந்து பாக்கறவனுக்கு தெளிவா இருக்கற மாதிரி தோணும், மேலேருந்து சாய்வா பாக்கறவனுக்கு ஒரு சாம்பல் நிற சுவர் நிக்கும்.

பறவையும் உண்டு. ஏர்போர்ட்டுக்குத் தெற்க மவுண்ட் மோர்லாண்ட் நாணல் சதுப்புல கோடைக் காலத்துல தகைவிலான் குருவி ராத்திரி தங்க வரும், ஐரோப்பாவுலேருந்து வர்ற கூட்டம், ஏர்போர்ட் கட்டின காலத்துல சுமார் 30 லட்சம்னு கணக்கு. சூரியன் மறையற நேரத்துல வானம் கறுக்கற அளவுக்கு சுத்தும். ஏர்போர்ட் கட்டும்போதே இதைப் பத்தி பெரிய விவாதம் நடந்து, பறவையைக் கண்காணிக்க ரேடார் வச்சாங்க. கடலோரமா 500 அடியில போறவனுக்கும் அந்த அரை மணி நேரம் ஒதுங்கிப் போறதுதான் புத்தி.

ஜோஹன்னஸ்பர்க் நிலவரம் வேற மாதிரி. ஓ.ஆர். டாம்போ 5,558 அடி உயரத்துல இருக்கு, சுத்தி ராண்ட், கிராண்ட் சென்ட்ரல், லன்சேரியான்னு பல ஏர்போர்ட், கரைங்கற கோடு கிடையாது, சுரங்க மண்மேடும் ஹைவேயும்தான் அடையாளம். உயரத்துல காத்து மெலிசு, வெயில் நாள்ல குட்டி விமானம் ஏறவே திணறும், கன்ட்ரோலர் "சீக்கிரம் ஏறு"ன்னு சொன்னாலும் ஏறாது. அங்க ரூட் போடறவங்க அந்தத் திணறலையும் கணக்குல சேத்துக்கணும்.

தரையில இருக்கற நமக்கு இதுல என்ன

500 அடிங்கறது 152 மீட்டர். அந்த உயரம் காலி இடம் இல்ல, அங்க ஆள் பறக்கறான்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு. அதனால டிரோன் விஷயத்தை இங்க சொல்லியே ஆகணும், கல்யாணம், காவடி, தேர் எல்லாத்துக்கும் இப்ப யாராவது ஒரு பையன் டிரோனைக் கொண்டு வந்துடறான்.

1. எஸ்.ஏ.சி.ஏ.ஏ விதிப்படி அனுமதி இல்லாம எந்த ஏர்போர்ட்டுக்கும் 10 கிலோமீட்டருக்குள்ள டிரோன் பறக்க விடக் கூடாது. கிங் ஷாகாவுலேருந்து டொங்காட் டவுன் அஞ்சு ஆறு கிலோமீட்டர்தான், வெருலமும் பத்துக்குள்ளதான். வர்ஜீனியாவை வச்சு அளந்தா உம்லாங்கா, ப்ளூ லகூன், ஸ்டேடியம் எல்லாமே உள்ள வருது. அதாவது நம்ம ஆளுங்க கூடற இடம் பாதிக்கு மேல இந்த வட்டத்துக்குள்ள.

2. ஆளுங்கள்லேருந்து 50 மீட்டருக்குக் கிட்ட கூடாது. காவடிக் கூட்டத்துக்கு மேல விடறது இதுலயே அடிபட்டுப் போகுது.

3. டிரோனை குட்டி விமானத்துலேருந்து பாக்க முடியாது. மேல போட்ட அதே கணக்குதான், 737-ஏ நிலாவுல கால் பங்குன்னா, ஒரு அடி அகல டிரோன் அதே அளவுக்குத் தெரியணும்னா 135 மீட்டருக்குக் கிட்ட வந்திருக்கணும். 100 நாட்ல அது ரெண்டரை செகண்ட்.

வீடியோ வேணும்னா அனுமதி வச்சிருக்கற ஆபரேட்டரைக் கூப்பிடுங்க, அவங்க டவர்கிட்ட பேசி நேரம் வாங்குவாங்க. இல்லன்னா கோயில் மாடியிலேருந்து எடுங்க.